திறந்து கிடந்த நாட்கள்

போன வருஷம், அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கீழே வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மிச்சம் இருந்த பாலில் உனக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தேன். நீ சமையலறை வாசலில் சாய்ந்து நின்று, "அம்மா, உங்களுக்குத் தெரிஞ்ச நாளுக்கும் எனக்குச் சொன்ன நாளுக்கும் நடுவுல எத்தனை நாள்?" என்று கேட்டாய். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. ஆபீசில் யாரிடமோ கேட்பது போலக் கேட்டாய். "என்ன கேள்விடி இது, காப்பி ஆறுது பாரு" என்றேன். நீ டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் அறிவியல் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்பேன். மறுநாள் அவர்கள் மறந்திருந்தாலும் நான் மறக்காமல் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். தெரிந்த பதிலைச் சொல்லாமல் விட்டது என் வாழ்க்கையில் உன்னிடம் மட்டும்தான். அடுத்த வாரம் நீ உங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு, அத்தனை தூரத்துக்கு, வேலைக்குப் போகிறாய். அதற்குள் பதிலை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் மேல் ஒரு வருத்தத்தை எடுத்துக்கொண்டு நீ ஊரை விட்டுப் போகிறாய். அந்த வருத்தம் என் மேல் இருக்க வேண்டியது.

இதை அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு இந்த ஒரு வருஷமாக அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்கும்? கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. அப்படித்தான் இருக்கிறது. பால் காய்ச்சுகிறேன், கேம்ப் ரோட்டுக்குப் போய்க் காய் வாங்கி வருகிறேன், தினமும் காலண்டரில் தாள் கிழிக்கிறேன். சாயங்காலம் நீ போன் செய்கிறாய். "சாப்பிட்டியா?" "ம், நீ?" "ஆச்சு." "அங்க மழையா?" "இல்லை." அதோடு முடிகிறது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வருஷமாக நடக்கிற பேச்சு இதுதான்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். நீ எங்களுக்குப் பாடம் நடத்தினாயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்து தொடங்குகிறேன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். அதிகாலை சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துத் தாம்பரம் வந்து, குளித்துவிட்டு ஈரத் தலையோடு சாப்பிட உட்கார்ந்தாய். அப்பா வழக்கம் போல ஆரம்பித்தார். "இன்னா பாப்பா, உன் பிரவுசர்ல இந்த வாரம் எத்தனை ஓட்டை?" கீழ்க்கட்டளையில் பிறந்து வளர்ந்தவர். வெளியே எல்லோரையும் போலப் பேசினாலும், உன்னைக் கண்டால் அந்தப் பேச்சு தானாக வந்துவிடும்.

"சிரிக்காதப்பா. மூணு" என்றாய்.

"அப்ப மூணு ஓட்டை வழியாவும் திருடன் வந்துகினு கீறான். நீ இங்க குந்திகினு ரசம் சாப்புடற."

நீ பொறுமையாகத்தான் சொன்னாய். இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து பார்ப்பதற்கான ஜன்னல்தான் பிரவுசர். அதை எழுதியவர்கள் மனிதர்கள், அதனால் அதில் தவறுகள் இருக்கும். சில தவறுகள் வழியாக, நாம் ஒரு பக்கத்தைச் சும்மா திறந்து பார்த்தாலே போதும், யாரோ ஒருவன் நம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடலாம். அப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடிக்கிற நல்லவர்கள் ஊரைக் கூட்டிச் சொல்ல மாட்டார்கள். பிரவுசரைச் செய்தவர்களிடம் ரகசியமாகச் சொல்வார்கள். அவர்கள் ஒட்டுப்போட ஒரு துண்டு எழுதி, உன்னைப் போன்றவர்கள் அதைச் சோதித்து, அந்தப் பேட்ச் எல்லோருக்கும் போன பிறகுதான் ஓட்டை இருந்தது என்பதே வெளியே தெரியும். "ஒரு கம்பெனிப் பூட்டு, தலையில குத்துற கிளிப்பாலயே திறக்குதுன்னு உனக்குத் தெரிஞ்சா, பேப்பர்ல போடுவியாம்மா, பூட்டு கம்பெனிக்குச் சொல்லுவியா?" என்று என்னைக் கேட்டாய். எனக்கு அந்த உதாரணம் மிகவும் பிடித்துப்போயிற்று. வினாத்தாள் வெளியான செய்தி மாதிரி என்று நான் பதிலுக்கு ஒன்று சொன்னேன். மாற்று வினாத்தாள் அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையது செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அதற்கு முன் வாயைத் திறந்தால் குழப்பம்தான் மிஞ்சும். "கரெக்ட்மா" என்றாய். மகளிடம் மார்க் வாங்கிய சந்தோஷம் எனக்கு.

அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்கத் தரம் பார்த்தவர். "எங்க லைன்ல ஒரு கீறல் கண்ணுல பட்டா, பட்ட நிமிஷமே சிவப்பு அட்டை மாட்டி லைனை நிறுத்துவோம். மேனேஜர் சாப்புட்டு வரட்டும்னு உக்காந்திருக்க மாட்டோம்" என்றார்.

"உங்க பொருள் இன்னும் லாரியிலயே ஏறலப்பா. எங்களது ஏற்கெனவே லட்சக்கணக்கான வீட்டுல ஓடிட்டிருக்கு. கத்தினா திருடனுக்குத்தான் முதல்ல கேக்கும்."

"அப்ப கம்பெனிக்காரன் சோம்பேறியா கீறான், ஒரு வருஷம் ஆனாலும் அடைக்கல. அதுவரைக்கும் வாயை மூடிகினு இருப்பியா?"

"அதுக்கு ஒரு கெடு இருக்குப்பா. கண்டுபிடிச்சவங்க இத்தனை நாள்தான்னு சொல்லிடுவாங்க. கெடு தாண்டினா, பேட்ச் வந்தாலும் வராட்டியும், சொல்லியே ஆகணும். ஏன்னா உபயோகிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிக்கிற உரிமை இருக்கு." அப்புறம் உங்கள் ஆபீஸ் வெள்ளைப் பலகையைப் பற்றிச் சொன்னாய். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு எண். எண்ணுக்கு எதிரே, அது எத்தனை நாள் திறந்து கிடந்தது என்ற கணக்கு. காலையில் முதலில் வருகிறவர் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டி எழுத வேண்டும். "அதைப் பாத்துக்கிட்டே காப்பி குடிக்க முடியாதும்மா" என்றாய். அப்பா மோர் ஊற்றிக்கொண்டே, "இது நல்லா கீது. இதை ஒத்துக்கறேன்" என்றார்.

நான் அதற்குள் மோர் மிளகாய் வறுக்க எழுந்து போய்விட்டேன். கெடு பற்றி நீ சொன்னது காதில் விழுந்தது. பூட்டும் கிளிப்பும் மனதில் நின்ற மாதிரி அது நிற்கவில்லை. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகளை நான் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

அதற்கு அடுத்த வருஷம் அப்பாவுக்குப் பசி குறைந்தது. முதுகு வலிக்கிறது என்றார். கீழ் வீட்டு அக்கா ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து எங்களோடு ஸ்கேன் சென்டருக்கும் வந்தார். கணையத்தில் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது, ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பா சுவரில் இருந்த உடல் படத்தில் கணையம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அதுதான் முதல் நாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் போனை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த வாரம்தான் உங்கள் பிரவுசரின் புதிய பதிப்பு வெளிவருகிற சமயம். ஒரு மாதமாக நீ சரியாகத் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். "இரு டீச்சர். அவ சொன்ன ரூல்படியே செய்வோம். அவ கையில இருக்கிற வேலை முடியட்டும். முடிஞ்ச அன்னிக்குச் சொல்லிடணும்" என்றார். கொஞ்சம் சிரித்தார். தொழிற்சாலையில் ஒரு கீறலுக்கு லைனையே நிறுத்திய மனிதர் தன் விஷயத்தில் உன் ரூலை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். அவர் ஒரு கெடு வைத்திருந்தார். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். பின்னால் வேண்டியிருக்கிறது.

புதிய பதிப்பு வந்தது. வந்த சில நாளிலேயே அதில் ஒரு பெரிய ஓட்டை. பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீ வருவதாக முந்தின நாள் போனில் சொன்னாய். அப்பாவின் கண் அதற்குள் மஞ்சளாகியிருந்தது. பார்த்தால் உனக்கு உடனே தெரிந்துவிடும். அப்போது தாம்பரம் முழுக்க மெட்ராஸ் ஐ பரவியிருந்தது. வீட்டுக்கு ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்பாவுக்கும் மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிடலாம், கண்ணாடி போட்டால் மஞ்சள் தெரியாது, ஒட்டிக்கொள்ளும் என்று நீயும் பக்கத்தில் வர மாட்டாய். இந்த யோசனை என்னுடையது. மார்க்கெட் எதிரே நடைபாதைக் கடையில் அந்தக் கண்ணாடியை வாங்கி வந்ததும் நான்தான். அப்பா அதைப் போட்டு நிலைக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், வில்லன் மாதிரி கீறேன்" என்றார். பிறகு அதைக் கழற்றி, "வேணாமே, பாவம், புள்ள கிட்ட வந்து உக்காரும்ல" என்றார். நான் திரும்பப் போட்டுவிட்டேன்.

நீ வந்தாய். "அய்யோ, எனக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஸ்கிரீனையே பாக்க முடியாதுப்பா, ஆபீஸ்ல கொன்னுடுவாங்க" என்று ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாய். அவர் இந்தக் கோடியில். நடுவில் டீப்பாய், அதன் மேல் உன் லேப்டாப். பன்னிரண்டு மணிக்கு ஆபீசிலிருந்து போன். ஓட்டையைத் திருடர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று. உன் முகம் வெளிறிப்போயிற்று. சாயங்கால ரயிலுக்குப் பதிலாக மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பினாய். வாசலில் நின்று, "கண்ணைத் தொடாதப்பா, சொட்டு மருந்து போடு" என்று சொல்லிக் கையை ஆட்டினாய். அவரும் ஆட்டினார். நடக்கவும் பேசவும் முடிந்த அப்பாவை நீ கடைசியாகப் பார்த்தது அந்த மத்தியானம்தான். பத்தடி தூரத்தில் உட்கார வைத்தது நான்.

பத்தொன்பதாம் நாள் நீ போன் செய்தாய். "அம்மா! பேட்ச் போயிடுச்சு! புகார் வந்ததுல இருந்து ஆறே நாள்மா, எங்க டீமுலயே இதுதான் ரெக்கார்டு!" உன் பின்னால் யாரோ கை தட்டுவது கேட்டது. ஏன் அவ்வளவு அவசரம் என்று அப்பா ஸ்பீக்கரில் கேட்டார். திருடர்கள் தெரிந்துகொண்ட பிறகு ஒவ்வொரு நாளும் கணக்கு என்றாய். பேட்ச் வந்தும் ஜனங்கள் போட்டுக்கொள்ளாவிட்டால் இன்னும் மோசம், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்து ஓட்டை எங்கே என்று எவனும் கண்டுபிடித்துவிடுவான் என்றாய். "அப்பா, உன் கம்ப்யூட்டர்ல 'பிறகு'ன்னு அமுக்காத, இன்னிக்கே போடு" என்றாய். "உத்தரவு பாப்பா" என்றார்.

போனை வைத்ததும் அவர் என்னைப் பார்த்தார். "அவ வேலை முடிஞ்சிடுச்சு. திரும்பப் போனைப் போடு. நானே சொல்றேன்."

"இப்பத்தான் சந்தோஷமா இருக்கா. ஒரு நாள் இருக்கட்டுமே" என்றேன்.

அன்று போனைப் போடவில்லை. மறுநாளும் நான் போடவில்லை. அதற்கு மறுநாளும். உங்கள் வேலையில் ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கும், காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொன்றையும் நான் காரணமாக வைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை, திருநீர்மலைக்குப் போக வேண்டும் என்றார். ஆட்டோவில் அழைத்துப் போனேன். மலைப்படியில் பாதி வரைக்கும் ஏறினார். ஓரமாக நிழலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு குடும்பம் எங்களைத் தாண்டி ஏறிப்போயிற்று. சின்னப் பெண் ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே போனாள். நீயும் அப்படித்தான் எண்ணுவாய், நடுவில் எண்ணிக்கை தப்பினால் கீழே இறங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அடம் பிடிப்பாய், அவர்தான் உன்னோடு இறங்கி ஏறுவார். அந்தப் பெண் போன பிறகு அவர் சொன்னார். "பாப்பாவைக் கூட்டிகினு வந்திருக்கணும். இன்னிக்குச் சொல்லிடலாமா? கெடு தாண்டிப்போச்சே டீச்சர்."

கெடு என்ற வார்த்தையை அவர் சொன்னார். உன் பாடத்தை முழுக்கக் கேட்டிருந்தது அவர்தான்.

"புதன்கிழமை வரைக்கும் பொறுங்க. அவளுக்கு ஏதோ சோதனை ஓடுது" என்றேன். எந்தச் சோதனையும் ஓடவில்லை. நானாகச் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தரம் பார்க்கிற பார்வை அது, எந்தக் கீறலும் தப்பாது. பிறகு, "சரி, இறங்கலாம்" என்றார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு வருஷமாக யோசிக்கிறேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது நிஜமில்லை. தினமும் சாயங்காலம் நீ போன் செய்கிற அந்தப் பத்து நிமிஷம், உனக்கு ஒன்றும் தெரியாததால், நம் வீட்டில் யாருக்கும் நோய் இல்லை. என்ன குழம்பு என்று கேட்பாய். நான் சொல்வேன். அப்பா பின்னாலிருந்து ஏதாவது கிண்டல் செய்வார். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் மீதி நாள் முழுக்கக் காத்திருந்தேன். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடும். நான் காப்பாற்றியது என்னை.

பூட்டும் கிளிப்பும் என்று நீ சொன்னதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. எங்கோ யாரோ ராப்பகலாக உட்கார்ந்து ஒட்டுப்போடும் துண்டை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் மறைக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. டாக்டர் முதல் நாளே பேனாவை மூடிவிட்டார். ஒட்டு வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகு மறைத்து வைப்பதில் என்ன மிச்சம்? உன்னிடமிருந்து நாட்களை எடுத்துக்கொண்டதுதான் மிச்சம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன்மா. வந்து உக்காந்திருப்பேன்" என்றாய்.

நாற்பத்தோராம் நாள் அவர் குளியலறையில் விழுந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனோம். நீ வீட்டுக்குப் போன் செய்து யாரும் எடுக்காமல் கீழ் வீட்டுக்குச் செய்திருக்கிறாய். "ஏம்மா, அப்பாவுக்குக் கேன்சர்னு உனக்குத் தெரியாதா? அம்மா சொல்லலியா?" என்று கீழ் வீட்டு அக்கா கேட்டாராம். அவர் மேல் தவறில்லை. உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார்.

ராத்திரி பஸ் பிடித்து, காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து நின்றாய். பை தோளில் இருந்தது. "ஏம்மா சொல்லல?" என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்பாதான் வேணாம்னுட்டாருடி" என்றேன்.

இதுதான் அந்தப் பொய். உள்ளே அவர் மயக்க மருந்தில் படுத்திருந்தார். இல்லை என்று சொல்ல அவரால் முடியாது. அதன் பிறகு இருபத்து மூன்று நாள் இருந்தார். நீ பக்கத்திலேயே இருந்தாய், ஆனால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாய், அவர் கையைப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் கொஞ்சம் தெளிந்து, "இன்னா பாப்பா, ஓட்டை எல்லாம் அடைச்சாச்சா?" என்று கேட்டார். நீ "ம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுகூட உன் பின்னால் ஓடிவந்து சொல்லவில்லை.

போன வாரம் வருஷத் திதிக்குக் காலையில் வந்து, சாப்பிட்டதும் கிளம்பினாய். செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் படத்தைப் பார்க்காமல், "அப்பா என்னை நம்பலம்மா. அவ்வளவுதான். விடு" என்றாய். நான் விட்டேன். கேட் வரைக்கும் வந்து, "ஜாக்கிரதையா போ" என்றேன்.

அவர் உன்னை நம்பினார். உன் ரூலை, அதன் கெடுவோடு சேர்த்து நம்பினார். இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று கேட்டார். இரண்டு முறையும் தடுத்தது நான். கறுப்புக் கண்ணாடி என்னுடையது, வராந்தாவில் சொன்ன பொய் என்னுடையது. அந்த மனிதர் மேல் ஒரு கீறல் இல்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். நாற்பத்தொரு நாள் என்று நீயே கணக்குப் போட்டு வைத்திருப்பாய். அது கீழ் வீட்டு அக்கா சொன்ன நாள். நீ கேட்டது நான் சொன்ன நாளை. நான் சொல்லவே இல்லையே. அதனால் என் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. தினமும் காலண்டரில் தாள் கிழிக்கும்போது ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தேன், உங்கள் வெள்ளைப் பலகை மாதிரி. இன்றோடு நானூற்று இருபத்தாறு நாள். நான் சொன்ன நாள் இன்றுதான்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. அதை எதிர்பார்க்கிற அளவுக்குக்கூட எனக்குள் இப்போது ஒன்றும் அசையவில்லை. அவர் படத்தைப் பார்க்காமல் நீ விமானம் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று காலை தாம்பரம் ஸ்டேஷனில் மேற்கே போகிற நடைமேம்பாலத்தில் ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பூ விற்கிற அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்து, "இன்னா சார் வூட்டம்மா, தனியா வர்றீங்க" என்றார். அப்பாவிடம் பழகியவராம், எனக்குத் தெரியாது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. போன மாதமும் ஒரு முறை இப்படி வந்தது. வெயிலாக இருக்கலாம், ரத்த அழுத்தமாக இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். நாளைக் காலை டாக்டரிடம் போகிறேன், கீழ் வீட்டு அக்கா கூட வருகிறார். வீட்டுக்கு வந்ததும் முதலில் தோன்றியது, நீ ஊர் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பதுதான். இப்போது சொன்னால் டிக்கெட்டை மாற்றுவாயோ என்று பயமாக இருந்தது. இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. காலையில் வந்தது, சாயங்காலம் சொல்லிவிட்டேன். டாக்டர் என்ன சொன்னாலும் நாளைக்கே உனக்குத் தெரியும். டிக்கெட்டை என்ன செய்வது என்பது உன் முடிவு. அதை நான் உனக்காக முடிவு செய்ய மாட்டேன்.

நீ ஏழாம் வகுப்பு படித்தபோது அப்பா ஒரு மாதப் பயிற்சிக்காகப் புனே போயிருந்தார். அவருக்கு நீ ஒரு கடிதம் எழுதினாய். நான் அதை வாங்கிச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். நீ நல்ல பிரதி எழுதினாய். அதிலும் இரண்டு பிழை. மறுபடியும் எழுதச் சொன்னேன். மூன்றாவது பிரதியைத் தபால் பெட்டியில் போட்டபோது அவர் ஊர் திரும்ப ரயில் ஏறியிருந்தார். அவர் வந்து இரண்டு வாரம் கழித்து, போன இடத்திலிருந்து அந்தக் கடிதம் திரும்பி வந்தது. பிழையே இல்லாத கடிதம். அவர் அதைப் படித்துவிட்டு, "முதல்ல எழுதினது எங்க பாப்பா?" என்று உன்னைக் கேட்டார். நான் அதைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

உனக்குள்ளும் என்னிடம் பிறகு சொல்லலாம் என்று எடுத்து வைத்தது ஏதாவது இருக்கும். என் மேல் இருக்கிற கோபமாக இருந்தாலும் சரி. இதைப் படித்து முடித்ததும், எழுந்திருப்பதற்கு முன்னால், அதை ஒரே வரியில் எழுதி, திரும்பப் படிக்காமல் எனக்கு அனுப்பு.